எதிர்க்கட்சி ஜோடி

— கதவு திறந்த சத்தமே கேக்கலையே. எப்ப வந்தீங்க?

— இப்பதான். நீங்க வேதத்துல சங்கீதப் பகுதியைப் படிக்கிறதுல மூழ்கியிருந்தீங்க. செனட்டர் ஸல்மன் குரேவிச்தானே? எழுந்திருங்க. அடக்கம் வரைக்கும் பொணத்தைத் தனியா விடக் கூடாதே, இனிமே நான் காவல்.

— பொணம்னு சொல்லாதீங்க ஐயா, அவன் காதுல விழும். பேரு மெய்லக் டுப்னர். அவனும் செனட்டர்தான்.

— சரி, விடுங்க. மெய்லக். அவரு ஜனநாயகக் கட்சி, நீங்க குடியரசுக் கட்சி. மாநிலச் சபையில ரெண்டு பேரும் கீரியும் பாம்பும்னு பேப்பர்ல போடுவான். அவரு பக்கத்துல உக்கார எதிர்க்கட்சிக்காரர்தான் கெடைச்சாரா?

— யூத ஜெபக்கூடத்துல நாங்க ஒரே பெஞ்சு. இறந்தவங்களைக் குளிப்பாட்டுற குழுவுல ஒரே வாளி. அவன் ஊத்துவான், நான் துடைப்பேன். எத்தனை பேரை அனுப்பி வச்சிருக்கோம் ரெண்டு பேருமா! இன்னைக்குக் காலையில அவனுக்கே ஊத்துனேன்.

— அப்ப உங்க கடமை முடிஞ்சுது. மத்தியானம் சபையில ஓட்டெடுப்பு. ஏரிப் பாதையில போனா நேரத்துக்குச் சேர்ந்துரலாம்.

— போகல.

— கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. மெய்லக் கொண்டுவந்த மசோதாதானே? காசு கட்டாத வீடா இருந்தாலும் குளிர்காலத்துல கரண்டை நிறுத்தக் கூடாதுன்னு? நீங்க போய் எதிர்த்தா ஓட்டு சமமாயி அது தோத்துரும். போகலேன்னா ஒரே ஓட்டுல ஜெயிச்சிரும். உங்க கட்சி உங்களை உரிச்சு உப்புக்கண்டம் போட்டுரும்.

— தெரியும். அடுத்த தேர்தல்ல சீட்டும் கிடையாது. காலையிலேருந்து போன் பண்ணிக் கிழிச்சிட்டாங்க. செத்தவனோட என்னய்யா ஒப்பந்தம்ங்கிறாங்க.

— நியாயமான கேள்விதானே?

— ஆஸ்பத்திரியில என் கையைப் புடிச்சுக்கிட்டுக் கேட்டான். “ஸல்மன், வியாழக்கிழமை ஓட்டெடுப்புக்கு என்னால வர முடியலேன்னா எனக்கு ஜோடி நிப்பியா?”ன்னு. சபையில அப்படி ஒரு வழக்கம் உண்டு. ஒரு கட்சியில ஒருத்தர் படுத்துட்டா, எதிர்க்கட்சியில ஒருத்தர் ஓட்டுப் போடாம ஒதுங்கிக்குவார். ரெண்டு தட்டும் நேராயிரும். சரிடான்னேன்.

— படுத்துட்டாத்தானே. செத்துட்டான்னு இல்லையே.

— செத்தாலும் வர முடியாதுதானே ஐயா.

— சரி, விடுங்க. எதிர்க்கிறதுக்கு உங்ககிட்ட நியாயமே இல்லையா? உங்க தொகுதி பூராவும் சின்னச் சின்ன ஊரு. விவசாயிகளே சேர்ந்து நடத்துற மின்சாரச் சங்கம். கட்டாதவன் பாக்கியை ஒழுங்காக் கட்டுறவன் தலையில வச்சா, சங்கம் எத்தனை நாள் தாங்கும்? அது முழுகிட்டா ஊரே குளிர்ல கெடக்கும்.

— அட! நான் சபையில தொண்டை வத்தக் கத்தினதை நீங்க இப்படி அழகாச் சொல்லிட்டீங்களே. நீங்க எங்க கட்சியா?

— கட்சியெல்லாம் விட்டாச்சு. எதிராளி பக்கத்தை முதல்ல சொல்லிட்டுத்தான் நம்ம பக்கத்தைச் சொல்லணும்னு நம்ம பழைய குருமாருங்க பழக்கி விட்டிருக்காங்களே. கெளம்புங்க.

— இந்த ரூம் ஏன் இப்படிக் குளிருது? பேசினா என் வாயிலேருந்து புகை வருது. உங்களுக்கு வரலையே?

— ஒடம்புல சூடு போயிருச்சு. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலையா? கோட்டுப் பையில பன் வச்சிருக்கீங்களே.

— இவன் முன்னால எப்படித் திங்கிறது? அவனால முடியாதப்ப நாம மென்னுக்கிட்டிருந்தா அவனைக் கேலி பண்ற மாதிரி. பையில இருக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— எள்ளு வாசனை. வெளிய போய்த் தின்னுட்டு அப்படியே காரை எடுங்க.

— ஏன் என்னை இப்படித் துரத்துறீங்க?

— மெய்லக் உங்களைக் கட்டிப்போடலையே. “அதுக்குள்ள நான் போயிட்டேன்னா உனக்கு விடுதலை, உன் மனசுப்படி ஓட்டுப் போடு”ன்னு அவரே சொல்லிட்டாரே.

— அதை உங்களுக்கு யார் சொன்னா?

— சொன்னாரா இல்லையா?

— சொன்னான். நர்ஸ்கூட இல்லாத நேரத்துல. நான் யார்கிட்டயும் மூச்சு விடல. என் பொண்டாட்டிக்கே தெரியாது. ஐயா, நீங்க யாரு? அந்த மூலையை விட்டு மெழுகுவத்தி வெளிச்சத்துக்கு வாங்க, மூஞ்சியைப் பாக்கணும்.

— முதல்ல பதிலைச் சொல்லுங்க. அவரே விட்டுட்டாரு. அப்புறம் எதுக்கு இங்க உக்காந்திருக்கீங்க?

— அவன் விட்டதாலதான். புடிச்சு வச்சிருந்தான்னா அது வெறும் ஒப்பந்தம், மீறினாலும் மீறியிருப்பேன். உயிரோட இருக்கிறவனுக்கு ஒண்ணு செஞ்சா, நாளைக்கு அவன் திருப்பிச் செய்வான்னு மனசோட மூலையில ஒரு நெனப்பு ஓடும். செத்தவன் என்ன செய்வான்? அதனாலதான் இந்தக் குளிப்பாட்டுற வேலையை உண்மையான தயவுன்னு நம்ம ஜனங்க சொல்றாங்க. அரசியல்ல நான் எதைச் செஞ்சாலும் பதிலுக்கு ஏதாவது வாங்கிக்கிட்டுத்தான் செஞ்சேன். இது ஒண்ணாவது வாங்காம செய்யணும். பயமாத்தான் இருக்கு. சீட்டுப் போயிட்டா நான் யாருன்னே எனக்குத் தெரியாது. ஆனாலும் நான் எழுந்திருக்க மாட்டேன்.

— போன் அடிக்குது. எடுங்க.

— ஹலோ? ஆமா, ஸல்மன்தான். யாரு, ஃபைவலா? அடுத்த காவல் நீயா? பனியில பாலத்துக்கிட்ட மாட்டிக்கிட்டியா? அப்ப, உனக்குப் பதிலா ஒருத்தரை அனுப்புனியே... அனுப்பலையா? நல்லா யோசிச்சுச் சொல்லு ஃபைவல். இங்க என்கூட ஒருத்தர் பேசிக்கிட்டிருக்காரு.

— போனை வைடா ஸல்மன். நான் சொன்ன பேச்சை என்னைக்குக் கேட்டிருக்க நீ? சரி, இருக்கிறதுதான் இருக்க, அந்தத் துணியை என் கால் வரைக்கும் இழுத்து விடு. குளிருது.