முதலை வண்டியில் வந்த மேடம்

தலைமை மருத்துவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவர்களே, செவிலியர் கண்காணிப்பாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் எங்கள் மேடத்தின் கணவர் அவர்களே, சமையலறையிலும் சலவைக் கூடத்திலும் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்திருக்கும் தோழர்களே, ஊன்றுகோலோடு லிப்ட் வரிசையில் காத்திருந்து மேலே வந்திருக்கும் பெரியவர்களே! உங்கள் அனைவருக்கும், இந்த மருத்துவமனையின் வாகனப் பிரிவில் முப்பத்தோரு ஆண்டுகள் இருந்துவிட்டு ஓய்வு பெற்ற ஒரு பழைய டிரைவரின் வணக்கம்.

எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. மைக்கைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் இன்று, நம் மேடத்தின் அஞ்சலிக் கூட்டத்தில், நானாகவே வாய்ப்புக் கேட்டு வாங்கித்தான் நிற்கிறேன். அழுவதற்காக அல்ல. அழ வேண்டியதை எல்லாம் போன வியாழக்கிழமையே அழுது முடித்துவிட்டேன். இன்று என் நெஞ்சு லேசாக இருக்கிறது. ஏன் லேசாக இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நம் பிசியோதெரபிஸ்ட் மேடத்தை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நான் கேட்கத் தேவையில்லை. எத்தனை பேரின் முதுகு அவர் கையால் நிமிர்ந்தது? எத்தனை பேரின் தோள் அவர் கையால் உயர்ந்தது? "வலிக்குது மேடம்"னு கத்தினால், "வலிக்கட்டும், வலிச்சா கால்ல உயிர் இருக்குன்னு அர்த்தம்" என்று சொல்லிச் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பை இங்கே யார் மறந்திருக்கிறீர்கள்?

மருத்துவமனைக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பது அவர் வேலை. நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் சிதறிக் கிடக்கும் ஊர்கள். வண்டி அவருடைய சொந்த வண்டி, பழைய சின்னக் கார். பெட்ரோல் மட்டும் மருத்துவமனை கொடுக்கும். மாதத்துக்கு முப்பது லிட்டர். அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓடிய வண்டி அது. மாதத்தின் கடைசி வாரம் வந்தால் டேங்க் காய்ந்துவிடும். சொந்தக் கையிலிருந்து போட்டும் பார்த்தார். ஒரு குடும்பம் எத்தனை மாதம் அதைத் தாங்கும்? கடைசி வாரத்தில் எந்த வீட்டை விடுவது? பக்கவாதம் வந்த பாட்டியையா? இடுப்பு உடைந்த தையல்காரரையா? ஒவ்வொரு மாதமும் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு பெயரை அடிப்பார். அடித்துவிட்டு அன்றைக்கு யாரோடும் பேச மாட்டார்.

அப்போதுதான் அவர் அந்தக் காரியத்தைத் தொடங்கினார்.

வண்டியை இழுத்துப் பிடிப்பது காற்றுதான் என்று எங்கோ படித்தார். அவர் கணவர் பெயர்ப் பலகை செய்கிறவர். கடையில் மிஞ்சிய பிளாஸ்டிக் தகடுகளையும் அலுமினியச் சட்டங்களையும் கொண்டு வண்டியின் பின்னால் நீளமாக, போகப் போகக் குறுகிக்கொண்டே போகும் ஒரு வால் கட்டினார்கள் இருவரும். பின்சக்கரங்களைப் பாதி மறைத்துத் தகடு. அடிப்பாகம் முழுக்க மழமழவென்று ஒரு மூடி. வாலின் உட்பக்கம் குனிந்து பார்த்தால் "வீட்டு மனை விற்பனைக்கு" என்று பழைய விளம்பரம் தெரியும்! ஆறு மாதம் கட்டினார், பிரித்தார், மறுபடி கட்டினார். லிட்டருக்கு இருபத்துநான்கு கிலோமீட்டர் ஓடியது. இருபத்துநான்கு! பட்டியலில் யார் பெயரையும் அடிக்க வேண்டியதில்லை.

ஆனால் நாங்கள் என்ன செய்தோம்? கைதட்டினோமா? பெருமைப்பட்டோமா? சிரித்தோம் அன்பர்களே, சிரித்தோம்! வண்டி கேட்டுக்குள் நுழைந்ததும் ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் முளைக்கும். "வண்டிக்குப் பாவாடை கட்டிவிட்டிருக்காங்கடா" என்றார் ஒருவர். "பின்னாடி இருக்கறது வாலா, சவப்பெட்டியா?" என்றார் இன்னொருவர். முதலை என்று பெயர் வைத்தது யார் தெரியுமா? இதோ, உங்கள் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இந்த மனிதன்தான். வண்டி தெரிந்தவன் நான். நான் சிரித்தால் அது வெறும் சிரிப்பல்ல, அத்தாட்சி. நான் "முதலை" என்றேன். மறுநாள் மருத்துவமனையே முதலை என்றது.

மேடம் என்ன செய்தார்? முதல் தடவை யார் கேலி செய்தாலும் காதில் விழாத மாதிரி போய்விடுவார். அதே ஆள் இரண்டாம் தடவை கேலி செய்தால் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, ஒரு முனையை அவர் கையில் கொடுத்துவிடுவார். "இதக் கொஞ்சம் பிடிங்க. அந்த ஓரத்துல வைங்க. எவ்வளவு இருக்கு, பார்த்துச் சொல்லுங்க." கேலி செய்ய வந்தவர் அளவு சொல்லிக்கொண்டு நிற்பார். மருந்தகத்துக்காரர் இப்படித்தான் மாட்டினார். கடைசியில் சக்கரத்து மூடிக்குத் திருகாணி முடுக்கியதே அவர்தான். அவர் இங்கே இருக்கிறார், மறுக்க மாட்டார்.

அதற்காக அவருக்கு வலிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். மருத்துவமனை ஆண்டு விழாவில் ஒரு நாடகம் போட்டோம். அட்டையில் முதலை வண்டி, உள்ளே ஊழியர் ஒருவர் மேடம் மாதிரி பை மாட்டிக்கொண்டு. முதலை வழியில் மாட்டைக் கண்டு வாயைத் திறப்பதாகக் காட்சி. அரங்கமே குலுங்கியது. மேடம் முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார். விழா முடிந்ததும் நான் வண்டிகளை ஒழுங்குபடுத்தக் கீழே போனேன். அவர் தன் வண்டிக்குள் இருந்தார். சாவி கையில். கண்ணாடி ஏற்றிவிட்டிருந்தார். அரைமணி நேரம் வண்டி கிளம்பவில்லை. நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். போய் ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை.

மறுநாள் வால் இல்லாமல் வந்தார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லா வண்டியையும் போல ஒரு வண்டி. அந்த மாதம் இருபத்திரண்டாம் தேதியே பெட்ரோல் தீர்ந்தது. பட்டியலில் கடைசியாக இருந்தது ஒரு கொத்தனார் வீடு, முப்பத்தெட்டு கிலோமீட்டர் தொலைவில். சாரத்திலிருந்து விழுந்து, காலில் தகடு வைத்து, முழங்காலை மடக்கப் பழகிக்கொண்டிருந்தவர். ஒன்பது நாள் மேடத்தால் போக முடியவில்லை. பத்தாம் நாள் போனபோது முழங்கால் கட்டையாக இறுகியிருந்தது.

அந்தக் கொத்தனார் எனக்குச் சொன்னது இது. மேடம் அவர் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாராம். "என்ன மேடம், இனிமே மடங்காதா?" என்று இவர் பயந்து கேட்டிருக்கிறார்.

"மடங்கும். மடக்காம விடமாட்டேன். ஆனா இது உங்க தப்பில்ல, என் தப்பு. நாலு பேர் சிரிக்கிறாங்கன்னு நான் வால கழட்டிட்டேன்."

"என்ன வால் மேடம்?"

"அது பெரிய கதை. நீங்க மூச்ச இழுத்து விடுங்க."

அன்று மாலையே கணவரோடு உட்கார்ந்து வாலைத் திரும்ப மாட்டினார். அதற்குப் பிறகு பதின்மூன்று ஆண்டுகள், யார் சிரித்தாலும் அந்த வால் கழலவில்லை! கொத்தனாரின் முழங்கால் மூன்று மாதத்தில் மடங்கியது. அதோ, மூன்றாவது வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். ஐயா, காலை இறக்காதீர்கள்! தலைமை மருத்துவர் முன்னால் என்று பார்க்காதீர்கள். அப்படியே உட்காருங்கள். அதை விட நல்ல அஞ்சலியை நான் பேசிக் கொடுத்துவிட முடியாது.

இனி என் கதை.

அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு கூட்டம். அப்போதைய தலைமை மருத்துவர் என்னைப் பார்த்து, "பிசியோ மேடம் வண்டி இப்படி ஓடுது, உங்க வண்டிங்க மட்டும் ஏன்யா தண்ணி மாதிரி குடிக்குது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். கூட்டம் சிரித்தது. அன்றைக்குத்தான் சிரிப்பு என் பக்கம் திரும்பினால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. அது எனக்குப் புத்தியைத் தந்திருக்க வேண்டும். தந்தது வயிற்றெரிச்சலைத்தான்! வீட்டுக்குப் போய் வாகனச் சோதனை அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். இந்த வண்டி சாலைக்கு ஆபத்து, உடனே பறிமுதல் செய்யவும். இப்படிக்கு, பாதிக்கப்பட்ட பொதுமக்கள்.

சோதனைக்குக் கூப்பிட்டார்கள். வால் ஒன்பது அங்குலம் அதிகம், பின்விளக்கு பக்கவாட்டிலிருந்து சரியாகத் தெரியவில்லை என்றார்கள். மேடம் வாதாடவில்லை. ஒன்பது அங்குலம் வெட்டினார், விளக்கை வால் நுனிக்கு மாற்றினார், மறுபடி கொண்டு போய்க் காட்டினார். முத்திரை குத்திக் கொடுத்தார்கள். நடுவில் ஐந்து நாள் வண்டி நின்றது. அந்த ஐந்து நாளும் பேருந்தில் போனார். இறங்கி மூன்று கிலோமீட்டர், நான்கு கிலோமீட்டர் நடந்தார். ஒரு வீட்டைக் கூட விடவில்லை. நான் அவர் செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தேன். என்னால் சாப்பிட முடியவில்லை.

அடுத்த மாதம் முதல் தேதி, "மேடம், பிரேக் பார்த்துத் தரட்டுமா?" என்று போய் நின்றேன். "பாருங்கண்ணே" என்றார். அன்று தொடங்கி மாதா மாதம் பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகும் பார்த்தேன். ஆனால் அந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை. பதினோரு ஆண்டுகள்! தொண்டையில் சிக்கிய முள்ளோடு ஒரு மனிதன் எத்தனை நாள் விழுங்க முடியும்?

இதயம் பழுதாகி அவர் நம் இரண்டாம் வார்டில் வந்து படுத்தபோது எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நான் உண்மையைச் சொல்வதற்குள் அவர் போய்விடுவாரோ என்று. ஒரு காலை, பார்வையாளர் நேரம். கணவர் காப்பி வாங்கப் போயிருந்தார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மேடம், ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"மொட்டைக் கடுதாசி விஷயமா?" என்றார்.

"உங்களுக்கு எப்படி...?"

"சோதனை ஆபீஸ்ல லெட்டர கையில கொடுத்துப் படிக்கச் சொன்னாங்க. பொதுமக்கள் யாருண்ணே 'பின் அச்சிலிருந்து அளவுக்கு மீறிய நீட்சி'ன்னு எழுதுவாங்க? வால் நீளமா இருக்குன்னுதான் எழுதுவாங்க. அதோட, ஆபத்துக்கு 'ஆப்பத்து'ன்னு எழுதுறது நம்ம ஆஸ்பத்திரியிலயே நீங்க ஒருத்தர்தான். வண்டி ஷெட்ல நீங்க எழுதி மாட்டுற போர்டுல எத்தன தடவ பார்த்திருக்கேன்!"

ஆமாம், சிரியுங்கள். நன்றாகச் சிரியுங்கள். அவரும் சிரித்தார், நர்ஸ் வந்து அதட்டும் வரைக்கும்.

"கோபம் வரலையா மேடம்?"

"வராம? ஒரு வருஷம் இருந்துச்சு. உங்க முகத்தப் பார்த்தாலே எரியும். பிரேக் பார்க்க வந்தீங்களே, அப்பவும் எரிஞ்சது. முதல்ல மனசு உறுத்தி வந்தீங்க, அது தெரிஞ்சது. அப்புறம் ஒரு நாள் நீங்களா வாலத் தடவிப் பார்த்துக்கிட்டு, 'இங்க இன்னும் கொஞ்சம் சரிச்சா நல்லாருக்கும்'னீங்க. அன்னிக்குப் போச்சு."

"என்ன மன்னிச்சுடுங்க மேடம்."

"மன்னிச்சாச்சு. ஒன்பது அங்குலம் போனதுல மைலேஜ் அரை கிலோமீட்டர் குறைஞ்சது, அதத்தான் இன்னும் மன்னிக்கல."

அதன் பிறகு அவருக்கு இரண்டு வாரம் கிடைத்தது. எனக்கும் கிடைத்தது. தினமும் போனேன். முள் இல்லாத தொண்டையோடு பேசினேன். வியாழக்கிழமை மதியம், கணவர் கையைப் பிடித்தபடி, வலியில்லாமல், தூக்கத்திலேயே போனார். ஆயிரம் பேரின் வலியைத் தன் கையில் வாங்கியவருக்கு வலியில்லாத ஒரு முடிவு! இதைவிட என்ன வேண்டும் நமக்கு?

இதையெல்லாம் ஊரறியச் சொல்லலாமா என்று அவர் கணவரிடம் நேற்றுக் கேட்டேன். "சொல்லுங்க. அவ இருந்தா முதல் ஆளா கைதட்டுவா" என்றார். அதனால்தான் சொன்னேன்.

அன்பர்களே! இறந்தவரைப் புகழ்ந்துவிட்டு எழுந்து போவது சுலபம். பட்டியலில் இன்று நாற்பத்தாறு வீடுகள் இருக்கின்றன. அவர்களுக்கு நம் புகழுரை எதற்கு? கால் அசைய வேண்டும், கை உயர வேண்டும். மேடத்தின் கணவர் அந்த வண்டியை மருத்துவமனைக்கே கொடுத்துவிட்டார். தலைமை மருத்துவர் நேற்று மாலை உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டார். வீட்டுச் சிகிச்சை நிற்காது. புதிதாக வந்திருக்கும் பிசியோதெரபிஸ்ட் தம்பி வண்டியைச் சுற்றி வந்துவிட்டு, "இதையா சார் நான் ஓட்டணும்? ரோட்ல சிரிப்பாங்களே" என்று கேட்டார். "சிரிப்பாங்க தம்பி" என்றேன். சாவியை வாங்கிக்கொண்டார்.

வண்டிப் பராமரிப்பு என் பொறுப்பு. என் கண்ணும் கையும் உள்ளவரை, சம்பளம் இல்லாமல், இந்தச் சபை முன்னால் நான் கொடுக்கும் வாக்கு இது. பெயர் வைத்தவனே சேறு கழுவுவான்! உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. நாற்பத்தாறு வீட்டிலும் யாராவது ஒருவர் போன் செய்து, பயிற்சி தொடர்கிறது என்று இன்றே சொல்லிவிடுங்கள். மேடம் வார்டில் படுத்த நாளிலிருந்து அவர்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வண்டி கிளம்புகிறது.

நன்றி. வணக்கம்.