தோழி வீட்டுக்காரரைப் பற்றி ஒரு கேள்வி

அவள்: "அவசரம்! தயவுசெய்து யாராவது உதவுங்கள்!" பக்கத்துல வரிசையா ஆச்சரியக்குறி. தலைப்பு போதுமா?

அவன்: ஐயோ, அழி அதை.

அவள்: ஏன்? அவசரம்தானே?

அவன்: எல்லாருக்கும் அவசரம்தான். எங்க ஆன்லைன் ஃபோரம்ல இப்படி ஒரு தலைப்பு வந்தா திறந்துகூடப் பாக்க மாட்டேன். நேரா பூட்டு போட்டுடுவேன்.

அவள்: மாடரேட்டர் சாருக்கு அவ்ளோ அதிகாரமா!

அவன்: சிரிக்காத. சவுண்ட் மிக்ஸிங் பண்றவங்க எங்கெங்கிருந்தோ வர்றாங்க. பதில் சொல்றவன் தன் சொந்த வேலையை விட்டுட்டு சொல்றான். தலைப்பைப் பாத்ததுமே விஷயம் என்னன்னு தெரிய வேண்டாமா? ஆமா... விஷயம் என்ன?

அவள்: அதான் சொன்னேனே. போஸ்ட் ஆபீஸ்ல என் பக்கத்து கவுண்ட்டர்ல ஒருத்தி இருக்காளே... அவ வீட்டுக்காரருக்கு.

அவன்: என்ன?

அவள்: வீட்டுக்காரருக்குன்னேன்.

அவன்: ம்ம். அவருக்கு என்னவாம்?

அவள்: காது மந்தமாயிட்டே வருதாம். அதுக்குன்னு ஒரு ஃபோரம் இருக்கே, அதுல கேட்டுச் சொல்லுங்கிறா.

அவன்: அவளே கேக்க வேண்டியதுதானே?

அவள்: அவளுக்கு இதெல்லாம் பழக்கமில்ல. எங்க வீட்லயே ஒரு நிபுணர் இருக்கார்னு பெருமையடிச்சுட்டு வந்துட்டேன்.

அவன்: சரி சரி... நாற்காலியை இந்தப் பக்கம் போடு. இடது பக்கம்.

அவள்: இங்க இருந்தா என்ன?

அவன்: அங்க... வெளிச்சம் சரியில்ல.

அவள்: போட்டாச்சு. தலைப்பு சொல்லுங்க.

அவன்: "கணவருக்குக் காது கேட்பது குறைகிறது. அவரிடம் எப்படிப் பேச்செடுப்பது?" பாத்தியா, நறுக்குனு இருக்கு. இனி விவரம். மொட்டையா "கேக்கல"ன்னு எழுதக்கூடாது. எது கேக்குது, எது கேக்கல?

அவள்: ஆம்பளைங்க குரல் கேக்குதாம். பொண்டாட்டி குரல்தான் கேக்கலையாம்.

அவன்: அது காதுக் கோளாறே இல்ல. எல்லா வீட்லயும் உள்ளதுதான்.

அவள்: ஓஹோ! இதையும் சேத்து எழுதிடவா?

அவன்: அம்மா தாயே, வேணாம். வேற சொல்லு.

அவள்: நாலு பேர் சேந்து சிரிச்சா இவர் கொஞ்சம் லேட்டா சிரிக்கிறாராம். போன் அடிச்சா எடுக்காம மெசேஜ் அனுப்புறாராம். கடைக்குப் போறப்ப சீப்பு வாங்கிட்டு வாங்கன்னா சோப்பு வாங்கிட்டு வர்றாராம்.

அவன்: அது கடைக்காரன் தப்பா எடுத்துக் குடுத்திருப்பான்.

அவள்: யாருக்கு?

அவன்: யாருக்கோ. பொதுவா சொன்னேன். மேல எழுது... அவங்க என்னென்ன முயற்சி பண்ணிப் பாத்தாங்கன்னு போடணும். அது இல்லாத கேள்வியை யாரும் மதிக்க மாட்டாங்க.

அவள்: சத்தமாப் பேசிப் பாத்தாளாம். "ஏன் கத்துற?"ன்னாராம். மெதுவாப் பேசினா, "ஏன் முணுமுணுக்கிற?" சரின்னு... பேச்சையே குறைச்சுகிட்டா.

அவன்: குறைச்சுகிட்டாளா?

அவள்: முன்னெல்லாம் வேலை முடிஞ்சு வந்ததும் அன்னிக்கு நடந்த கதையெல்லாம் கொட்டித் தீப்பா. இப்ப பாதியிலயே நிறுத்திடறா. அவர் தலையை மட்டும் ஆட்டிட்டு இவ உதட்டையே பாத்துட்டிருக்கார்... பாவமா இருக்காம்.

அவன்: ...

அவள்: தூங்கிட்டீங்களா?

அவன்: இல்ல. எழுது.

அவள்: அவர் பொழைப்பே காதை நம்பித்தான். அதையும் போட்டுடறேன்.

அவன்: அது வேணாம்.

அவள்: விவரமா எழுதச் சொன்னீங்களே?

அவன்: கோளாறைத்தான் விவரமா எழுதணும். ஆளைக் காட்டிக் குடுக்கற மாதிரி ஊர், பேர், வேலை எதுவும் போடக்கூடாது. அதுவும் ஒரு மரியாதை.

அவள்: சரி, போடல. இன்னொண்ணு, கீச்சுனு வர்ற சத்தம் எதுவும் அவருக்கு எட்டலையாம். இப்ப நம்ம வாஷிங் மெஷின் கத்திட்டிருக்கே, அந்த மாதிரி.

அவன்: ஆமா, கேக்குது கேக்குது. போய் நிறுத்திட்டு வா, காதைக் குடையுது. போயேன்.

அவள்: நான் இன்னும் துணியே போடலைங்க. மெஷின் ஓடவே இல்ல.

அவன்: ...உன் பக்கத்து கவுண்ட்டர்ல யாரு இருக்கா?

அவள்: யாரும் இல்ல. அந்த கவுண்ட்டரை மூடியே ரொம்ப நாளாச்சு. மூடின அன்னிக்கே வந்து சொன்னேன். நீங்க தலையாட்டினீங்க.

அவன்: ...எழுதினதை அழிச்சுடு.

அவள்: அழிச்சுடறேன். ஆனா நமக்கு என்ன வேணும்னு கடைசி வரியில எழுதணும்ல? அது பாக்கி இருக்கே.

அவன்: என்ன வேணும் உனக்கு?

அவள்: டாக்டர்கிட்ட போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போகணும். அவ்ளோதான்.

அவன்: வலது காதுதான்... ஸ்டூடியோல யாருக்கும் தெரியாது. ஸ்கிரீன்ல சத்தத்தோட அளவு காட்டற மீட்டர் ஏறி இறங்கறதைப் பாத்தே ஓட்டிட்டிருக்கேன். அன்னிக்கு ஒரு பாடகி ஹெட்போனைக் கழட்டி வெச்சுட்டு, "சார், என் 'ச' எல்லாம் ஊசி மாதிரி குத்துதே"ன்னாங்க. எனக்குக் குத்தவே இல்ல.

அவள்: பயந்துட்டீங்களா?

அவன்: ...ம்.

அவள்: இதை மனசுலயே வெச்சுகிட்டு எங்கூட உக்காந்து காப்பி குடிச்சிருக்கீங்க பாருங்க! நாளைக்கு நான் லீவு சொல்லிடறேன்.

அவன்: நாளைக்கேவா?

அவள்: நாளைக்கேதான்.

அவன்: சரி... போலாம். இன்னொண்ணு சொல்லணும். சிரிக்கக்கூடாது.

அவள்: சொல்லுங்க.

அவன்: அந்தக் காது ஃபோரம்ல நானும் கேட்டேன். "என் நண்பர் ஒருவருக்கு"ன்னு போட்டு.

அவள்: நண்பருக்கா!

அவன்: சிரிக்காதன்னேன்ல? எவ்வளவு ஒழுங்காக் கேட்டேன் தெரியுமா... எந்தெந்தச் சத்தம் எட்டல, எப்பருந்து, எல்லாம் புட்டுப்புட்டு வெச்சேன். எல்லாரும் அருமையா பதில் சொன்னாங்க. ஒரே ஒரு ஆள்தான்... சுண்டெலின்னு பேரு. கேள்வியையே படிக்கல போல. "நண்பரை முதலில் வீட்டில் சொல்லச் சொல்லுங்கள், திட்ட மாட்டார்கள்"ன்னு ஒரே ஒரு வரி.

அவள்: நல்ல வரிதானே?

அவன்: நல்ல வரியா? நான் கேட்டது காதைப் பத்தி. வந்துச்சே கோவம்... சம்பந்தமில்லாத பதில்னு புகார் குடுத்துட்டேன். அங்க இருக்கற மாடரேட்டரும் தூக்கிட்டார்.

அவள்: வரியை மட்டுமா தூக்கினார்? ஆளையே தூக்கிட்டார்! நீங்க கம்ப்யூட்டரை மூடாம குளிக்கப் போயிட்டீங்க, உங்க கேள்வியை எதேச்சையாப் பாத்தேன். மனசு கேக்கல. ஆசை ஆசையா ஒரு பேர் வெச்சுகிட்டு, நாலு தரம் அடிச்சுத் திருத்தி அந்த ஒரு வரியை எழுதினேன். இப்ப உள்ள போனாலே "உங்களுக்கு அனுமதி இல்லை"ங்குது... அதான் நேர்லயே வந்து கேக்க வேண்டியதாப் போச்சு.