கொடி விழாத நாட்கள்

அகத்தா: …இருங்க, இருங்க. இனிமே கரண்டு போனா நீங்க வரமாட்டீங்க. அதானே?

லியோனார்ட்: வரத் தேவையில்லன்னு சொன்னேன் மிஸ்ஸி.

அகத்தா: ரெண்டும் ஒண்ணுதான். இந்தாங்க தே ஓ, பாலில்லாம. இந்த எஸ்டேட்டு கிளினிக்குல நர்ஸா வந்து நோயாளிக்கு மருந்து குடுத்தத விட உங்களுக்குத் தே ஓ கலக்குனதுதான் அதிகம்.

லியோனார்ட்: சீனி கம்மி.

அகத்தா: பரவால்ல, குடிங்க. அப்போ யாரு வந்து சரி பண்ணுவா?

லியோனார்ட்: யாரும் வேணாம். கம்பத்துல புதுசா பெட்டி மாட்டியிருக்கோம்ல? ரப்பர் மரக் கிளை கம்பியில உரசுனா கரண்டு கட்டாகும். கொஞ்சம் பொறுத்து அந்தப் பெட்டியே திரும்பப் போட்டுப் பாக்கும். அதுக்குள்ள கிளை கீழ விழுந்துட்டா கரண்டு வந்துரும்.

அகத்தா: விழலன்னா?

லியோனார்ட்: அலோர் ஸ்டார்ல ஒருத்தன் பட்டன அமுக்குவான். குரூண் பக்கமிருந்து கரண்டு திரும்பி வரும்.

அகத்தா: உக்காந்த இடத்துலேருந்தா?

லியோனார்ட்: ஏர்கோன் ரூமுலேருந்து.

அகத்தா: அப்புறம் ஒரு வாரமா சப்ஸ்டேஷன்ல என்னதான் நோண்டுனீங்க?

லியோனார்ட்: ரிலேவ மாத்தி அமைச்சேன். அது காவக்காரன் மாதிரி மிஸ்ஸி. கோளாறு வந்தா கரண்ட நிறுத்துறது அதோட வேல. இதுவரைக்கும் சுங்கைப்பட்டாணி பக்கமிருந்து மட்டும்தான் கரண்டு வந்துச்சு. அந்த ஒரு வாசலதான் அதுக்குத் தெரியும். இப்போ ரெண்டு வாசல். பழைய கணக்குலயே விட்டா, குரூண் பக்கத்துக் கரண்டுல கோளாறு வர்றப்ப சும்மா தூங்கும். கம்பி எரிஞ்சு விழும்.

அகத்தா: சொல்லிக் குடுத்துட்டீங்களாக்கும்.

லியோனார்ட்: ம்… அது பழகிக்கிட்டுது.

அகத்தா: எழுபத்தெட்டுல ஒரு மழை பேஞ்சுதே, ஞாபகம் இருக்கா? மோட்டார் சைக்கிளோட சேத்துல விழுந்து…

லியோனார்ட்: ரப்பர் பால் லோரியில தூக்கிப் போட்டுக் கொண்டாந்தாங்க. நீங்க திட்டிக்கிட்டே முழங்கையில கட்டுப் போட்டீங்க.

அகத்தா: அந்தக் கட்டோட போயி கரண்ட போட்டீங்க. ஹால்ல டிவிக்குக் காத்துக்கிட்டிருந்த சனம் மொத்தமும் கைதட்டுச்சு. அழகேசன் கங்காணி உங்களுக்கு மாலை போடணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. இப்போ நினைச்சாலும் சந்தோஷமா இருக்கு. பெட்டிக்கு யாரு கைதட்டப் போறா?

லியோனார்ட்: கரண்டு போனதே யாருக்கும் தெரியாதுலா.

அகத்தா: அதான் எனக்குப் புடிக்கல… சரி, விஷயத்துக்கு வாங்க. வந்ததுலேருந்து என்னமோ மென்னு முழுங்குறீங்க.

லியோனார்ட்: ஒண்ணுமில்ல…

அகத்தா: சொல்லுங்கலா.

லியோனார்ட்: பட்டன் அமுக்க என்னை அலோர் ஸ்டாருக்குக் கூப்புடுறாங்க. நாளைக்குப் பதில் சொல்லணும்.

அகத்தா: போங்க.

லியோனார்ட்: யோசிக்காமலே சொல்றீங்க?

அகத்தா: நான் என்னத்த யோசிக்க? மழையில நனையாம, சேத்துல விழாம இருக்கலாம். என் தங்கச்சிங்கள கட்டிக் குடுத்தாச்சு. எனக்கு இந்த கிளினிக்கு இருக்கு. போதும்.

லியோனார்ட்: இங்க கரண்டு போச்சுன்னா?

அகத்தா: அதான் உங்க பெட்டி இருக்கே.

லியோனார்ட்: பெட்டி வெளி லைனத்தான் பாக்கும். கிளினிக்கு பியூஸு போனா அதுக்குத் தெரியாது.

அகத்தா: …பியூஸா?

லியோனார்ட்: லைன்ல கோளாறு வந்தா ரிலேவுல அடையாளத்துக்கு ஒரு சின்னக் கொடி விழும் மிஸ்ஸி. நீங்க போன் பண்ணுனா முதல்ல சப்ஸ்டேஷனுக்குப் போயி அதப் பாத்துட்டுத்தான் இங்க வருவேன். மழைக் காலத்துல கொடி விழுந்திருக்கும். வெயில் காலத்துல நீங்க கூப்புட்டப்ப… ஒரு தடவகூட விழுந்ததில்ல.

அகத்தா: பழைய கட்டடம். பியூஸு எரிஞ்சிருக்கும்.

லியோனார்ட்: எரிஞ்சா கரி இருக்கும். உங்க பியூஸுல கரியே இருக்காது. கம்பிய கத்தரியால வெட்டுன மாதிரி… இங்க காயத்துக்குக் கட்டுத்துணி வெட்டுவீங்களே, அந்தக் கத்தரியால.

அகத்தா: உளறாதீங்க. கரண்டு திடீர்னு…

லியோனார்ட்: திடீர்னு போன கரண்டுக்கு, ஊசி மருந்தெல்லாம் முன்னாடியே ஐஸ் பெட்டியில அடுக்கியிருக்கும்.

அகத்தா: …எப்போலேருந்து தெரியும்?

லியோனார்ட்: முதல் தடவையே.

அகத்தா: தெரிஞ்சுக்கிட்டே வந்து, லைன் கோளாறுன்னு என்கிட்ட கத சொன்னீங்களா? ஏன் வாயத் தொறக்கல?

லியோனார்ட்: தொறந்திருந்தா நீங்க வெட்டுறத நிறுத்தியிருப்பீங்க… நாளைக்கு நான் என்ன பதில் சொல்லட்டும், அகத்தா?

அகத்தா: …போறேன்னு சொல்லுங்க. குவார்ட்டர்ஸ் ரெண்டு பேருக்கு வேணும்னும் சொல்லுங்க.