கறுப்பு ஓவியத்தில் விழுந்த கிழிசல்

"படு! படு!"

கத்துவது நான்தான். தரையில் குப்புறக் கிடக்கிறேன். இரண்டு காதிலும் விரல். வாய் திறந்தபடி. செல் குண்டு விழும்போது வாயை மூடியிருந்தால் செவிப்பறை கிழியும். ஏழு வயதில் பங்கர்க் குழிக்குள் பழகியது. உடம்பு தானாகச் செய்கிறது.

இது ஒஸ்லோவில் ஓர் ஓவியக் கூடம். 2009 பங்குனி, செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றே கால். தெருவுக்கு அப்பால் கட்டிட வேலைக்காகப் பாறைக்கு வெடி வைத்தார்கள். முன்னதாகச் சங்கு ஊதியதாம். எனக்குக் கேட்கவில்லை. ஒரே ஒரு அடி. நெஞ்சுக்குள் விழுகிற அடி.

ஓவியம் தூக்கி மாட்டுவது என் வேலை. அதற்கு ஒரு விதிதான். மற்றவன் சொல்லும்வரை கையை எடுக்கக் கூடாது. நான் இரண்டு கையையும் எடுத்துவிட்டேன். மறுமுனையில் மகேந்திரன் அண்ணை. குரோருட் புறநகரில் இருப்பவர். இந்த வேலையை எடுத்துத் தந்தவர். அவரால் தனியே தாங்க முடியவில்லை. ஓவியம் ஏணியில் விழுந்து கிழிந்தது.

வரைந்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். செத்துவிட்டார். சுவர் அட்டையை வாசித்து அண்ணை அவர் கதையைச் சொல்லியிருந்தார். போரில் ஊர் எரிந்தது. சுண்ணாம்புக் குகையில் பதினொரு நாள் ஒளிந்திருந்தார். பிறகு மனித முகமே வரையவில்லை. நாற்பது வருடமும் கறுப்பு. தார், சாம்பல், சாக்கு. சில ஓவியங்களைத் தானே கத்தியால் கீறினார். அவர் கீறினால் கலை. காவல் போடுகிறார்கள். நான் கிழித்தால் குற்றம். பதினொரு நாள் கிடந்தவருக்கு ஐந்து மண்டபம். பத்து வருடம் கிடந்தவனுக்கு ஏணியும் சுத்தியலும்.

பொறுப்பாளர் பெண் வந்தார். படிவத்தை நீட்டினார். நடந்ததை எழுதச் சொன்னார். வேலைக் கடிதம் இருந்தால்தான் என் வதிவிட அனுமதி நீளும். அது அவருக்கும் தெரியும்.

அண்ணை குனிந்தார். "கொழுக்கி கழண்டதெண்டு எழுதடா. நானும் ஓமெண்டு சொல்லுறன். உன்ரை செல் கதை இஞ்சை ஒருத்தருக்கும் விளங்காது."

"கொழுக்கி கழரேல்லை அண்ணை. நான்தான் விட்டனான்."

"அப்ப பெட்டியைக் கட்டு. உண்மையையும் தூக்கிக்கொண்டு போய்க் கொழும்பிலை இறங்கு."

எழுதினேன். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவனின் அரைகுறை நொர்வேஜிய மொழியில். செல் என்று நினைத்தேன். காதைப் பொத்தினேன்.

வேலை வெள்ளிக்கிழமை போனது. அனுமதி ஆவணியில் போனது.

படிவத்தின் அடியில் இழப்பு என்று ஒரு கட்டம். ஒரு வரி இடம். போதவில்லை. பின்பக்கமும் எழுதினேன்.

ஓவியம் ஒன்று. கிழிசல் ஒரு சாண். அம்மா. தம்பி, பதினாறு வயது, அதே செல்லில். பக்கத்து வீட்டார் நான்கு பேர். என் இடது காது. வன்னியில் அக்காவும் இரண்டு பிள்ளைகளும், மாசியிலிருந்து தகவல் இல்லை.

அந்த மூவரையும் அன்று செத்தவர்களோடு கூட்டவில்லை. இப்போது கூட்டுகிறேன்.

ஒன்பது பேர்.