செவ்வாய்க்கிழமைக் காயங்கள்

“அதெல்லாம் சரி, இதுல எது ரொம்ப உபயோகம்? என் வீட்டுக்காரர் கேக் செய்யக் கத்துக்குடுக்குற கிளாஸ் ஆரம்பிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. ஆன்லைன்ல என்னென்னமோ இருக்குங்கிறாரு. எனக்குத் தல கால் புரியல.”

என் வாயைக் கிளறத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று தெரியும், மேடம். ஆனாலும் நல்ல கேள்வி. நாய்கள் காப்பகத்தின் கம்ப்யூட்டர் வேலைகளை இரண்டு வருடமாக நான்தான் பார்க்கிறேன். ஒருவரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. அக்காகூட.

சின்ன இடத்தை நடத்துகிறவர்களுக்கு நான்கு போதும். முதலில், எல்லோரும் பார்க்கும்படி ஒரு காலண்டர். எந்த நாயை யார் குளிப்பாட்டுவது, எதற்கு எப்போது மாத்திரை, எல்லாம் அதில் இருக்கும். எங்கள் டாக்டர் வருவது புதன்கிழமை. அது பச்சை நிறம். அடுத்து, நாய்களின் வயதும் குணமும் எழுதிய பட்டியல். மூன்றாவது, போஸ்டர் செய்யும் தளம். படத்தைப் போட்டால் எழுத்து தானாக அழகாய் உட்கார்ந்துகொள்ளும்; உங்கள் வீட்டுக்காரருக்கு அது பிடிக்கும். நான்காவது, இமெயிலில் மொத்தமாகக் கடிதம் அனுப்பும் சேவை. என் செல்லம் அதுதான்.

அக்காவுக்கு இதெல்லாம் ஆகாது. காப்பகத்தைத் தொடங்கியவள் அவள். “டேய், நாய்க்கு ஒருதடவ மோந்து பாத்தா ஆளத் தெரியும். உனக்குத்தான் பட்டியல் வேணும்,” என்பாள்.

போன வருடம் நகராட்சியிலிருந்து உத்தரவு வந்தது. எங்களிடம் நூற்றுப்பத்து நாய்கள் இருந்தன. இந்த ஆண்டு முடிவதற்குள் நாற்பதாகக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் மிச்சத்தை அவர்களே ஊசி போட்டு முடித்துவிடுவார்கள். அன்று அக்கா சாப்பிடவில்லை. நான் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

அந்தச் சேவையில் ஒரு வசதி உண்டு. ஒரே கடிதத்தை இரண்டு படங்களோடு தயார் செய்யலாம். ஒரு படம் ஐந்நூறு பேருக்குப் போகும், இன்னொன்று வேறு ஐந்நூறு பேருக்கு. இரண்டு மணி நேரம் காத்திருக்கும். எந்தப் படத்தின் கீழ் ‘நான் வருகிறேன்’ என்ற பொத்தானை அதிகம் பேர் அழுத்துகிறார்களோ, அந்தப் படம் பட்டியலில் மிச்சமிருக்கும் எட்டாயிரம் பேருக்கும் தானாகப் போய்விடும். நம் விருப்பு வெறுப்புக்கு அங்கே இடமில்லை.

பந்தைக் கவ்விக்கொண்டு ஓடும் நாய்க்கு நான்கு பேர் வந்தார்கள். கேட்டில் மாட்டிக் காலைக் கிழித்துக்கொண்ட நாய்க்கு முப்பத்தொரு பேர். அன்று ஒரே நாளில் ஏழு நாய்களுக்கு வீடு கிடைத்தது. அடிபட்டதைப் பார்க்க வந்தவர்கள் பக்கத்துக் கூண்டில் இருந்ததையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அக்கா என் தலையைக் கலைத்துவிட்டு, “பெரிய ஆளுடா நீ,” என்றாள்.

பிறகு சில வாரங்கள் அடிபட்ட நாய் ஒன்றுகூட வரவில்லை.

முதலில் வெறும் கட்டு போட்டுப் பார்த்தேன். வெள்ளைக் கட்டுக்கு ஒன்பது பேர். கட்டில் கொஞ்சம் சிவப்புச் சாயம் தடவியதற்குப் பதினான்கு. சாயம் என்று படத்தில் தெரிந்துவிடுகிறது, மேடம். மக்கள் நாம் நினைக்கும் அளவுக்கு ஏமாளிகள் இல்லை.

அதனால் செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். மறுநாள் டாக்டர் வந்துவிடுவார். ஒரு ராத்திரிக்கு மேல் எந்த நாயும் வைத்தியம் இல்லாமல் கிடந்ததில்லை. அதில் நான் கறாராக இருந்தேன். கத்தரிக்கோலால் காதில் தொடங்கினேன். சின்ன வெட்டுக்கே அங்கே ரத்தம் நிறைய வரும், படமும் நன்றாக விழும். ஆனால் படிப்பவர்களுக்குக் காது சீக்கிரமே சலித்துவிட்டது. பிறகு கேட்டின் தாழ்ப்பாள் கம்பியில் துணி சுற்றிக்கொண்டு கால்களுக்குப் போனேன். கூண்டுக்குள் ஒன்றையொன்று கடித்துச் சண்டை போடுகின்றன என்று டாக்டரிடம் சொல்லிவைத்தேன். அவருக்கு ஆயிரம் வேலை. அடித்து முடித்ததும் அநேகமாக எல்லா நாயும் என் கையைத்தான் நக்கியது. அவை என்னைப் புரிந்துகொண்டன என்றே எடுத்துக்கொண்டேன்.

பதினோரு நாய்கள். முதலில் போன ஏழையும் சேர்த்து மொத்தம் அறுபத்து நான்குக்கு வீடு கிடைத்தது. இன்னும் ஆறுதான் பாக்கி.

என் தவறு எங்கே என்றால், நான் எதையும் கடைசி நேரத்துக்கு வைக்கிறவன் இல்லை. கடிதத்தைத் திங்கட்கிழமையே எழுதி, படத்துக்கு மட்டும் இடம் விட்டுவைப்பேன். இன்று காலை அக்கா ஏதோ முகவரி தேட என் லேப்டாப்பைத் திறந்திருக்கிறாள்.

“டேய், மேனேஜருக்குக் கால் ஒடிஞ்சிருச்சுன்னு எழுதியிருக்க?”

மேனேஜர் என்பது எங்கள் கிழட்டு நாய். தினமும் காலையில் எல்லாக் கூண்டையும் ஒரு சுற்று மேற்பார்வை பார்த்துவிட்டு வருவதால் அந்தப் பெயர். அது அவள் காலடியில் நான்கு கால்களோடும் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

“நாளைக்குத்தான்க்கா,” என்றேன்.

“ஜோசியம் பாக்க ஆரம்பிச்சிட்டியாடா?” என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. பழைய கடிதங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, எழுதிய தேதியைப் பார்த்தாள். எல்லாம் திங்கட்கிழமை. “கறுப்பி... குட்டையன்... ஐயோ, அந்த ஊமைக் குட்டி...” என்று சொல்லிக்கொண்டே போனாள்.

அவள் திட்டியிருந்தால் பேசித் தீர்த்திருக்கலாம். திட்டவில்லை. என் நாற்காலியில் உட்கார்ந்து, “ஒன்பதாயிரம் பேருக்கும் நானே எழுதுறேன். நீ வாயத் தொறக்காத,” என்றாள். அவளுக்கு ஒற்றை விரலால்தான் தட்டத் தெரியும். இரண்டு வரி முடிவதற்குள், ஆறு நாய்கள் செத்துப்போகும் என்று நான் மூன்று முறை சொன்னேன்.

“அந்த ஆறையும் நான் என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேண்டா. நீ மொதல்ல இங்கேர்ந்து போ.”

இரண்டு வருட உழைப்பை ஒரே பேச்சில் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டாள்.

கம்பியில் துணி சுற்ற நேரமில்லை. முதல் அடி தோளில் விழுந்தது, என் அவசரம். திரும்பி என்னைப் பார்த்து, “தம்பி,” என்றாள். வாய் நிறைய டேய் போடுகிறவள். இரண்டாவது நெற்றிக்கு மேலே. நாற்காலியோடு சாய்ந்தாள். மூன்றாவது தேவைப்பட்டிருக்காது, அதையும் மறைக்க விரும்பவில்லை. மேனேஜர் குரைக்கவே இல்லை. மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

அவள் எழுதிய இரண்டு வரியை அழித்தேன். யாரோ முகம் தெரியாதவன் உள்ளே புகுந்து எங்கள் அக்காவைத் தாக்கிவிட்டான், அவள் உயிராக நினைத்த ஆறு நாய்களுக்கு வீடு வேண்டும் என்று புதிதாக எழுதினேன். அந்த ஒரு வரி பொய், ஒத்துக்கொள்கிறேன். மற்றபடி ஆம்புலன்ஸை நான் கூப்பிடவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கூப்பிட்டேன், கடிதம் போனதும். இருபது நிமிடம்தான். கைகழுவிவிட்டு நிதானமாக எழுத வேண்டியிருந்தது. அப்போது அவளுக்கு மூச்சு இருந்தது. வண்டியில் ஏற்றும்போது இல்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

இரண்டு படங்கள் வைத்தேன். ஒன்றில் அக்கா மடி நிறையக் குட்டிகளோடு சிரிக்கிறாள். இன்னொன்று இன்று காலை, தரையில் எடுத்தது. என்னைக் கேட்டால் சிரிக்கிற படம்தான் ஜெயிக்க வேண்டும். அவ்வளவு நல்ல படம் அது. அவள்மேல் எனக்குப் பாசம் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

கடிதம் போனது பத்து மணிக்கு. உங்கள் ஸ்டேஷன் சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு தாண்டிவிட்டது. லேப்டாப் அந்தக் கவருக்குள்ளேயே இருக்கட்டும், நான் தொட மாட்டேன். உங்கள் போனிலேயே பார்க்கலாம், பாஸ்வேர்டு சொல்கிறேன்.

“மேடம், எந்தப் படத்துக்கு நெறையப் பேர் வர்றேன்னு சொல்லியிருக்காங்கன்னு மட்டும் கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?”