தோப்பு சர்வருக்கு நான் பார்த்துப் போட்ட டிஸ்க்

வீட்டில் சர்வர் வைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் தாராளமாகச் செலவழித்துவிட்டு, பூட் டிரைவில் கஞ்சத்தனம் காட்டுவார்கள். மெஷின் எழுந்து நிற்பதே அந்தச் சின்ன டிஸ்க்கை நம்பித்தான். என் பெரியப்பா மகன் திருமலைசாமி அந்தத் தப்பைச் செய்யவில்லை. நல்லதாகப் போட வேண்டும் என்று என்னிடம்தான் கேட்டார்.

தொண்டாமுத்தூரில் அவருக்குத் தென்னந்தோப்பு. யானை இறங்கினால் கேமரா கண்டுகொண்டு சைரன் அடிக்க வேண்டும். ஒரே பெட்டிக்குள் நாலு கம்ப்யூட்டர்கள் தனித்தனியாக ஓடுவதுபோல் அதற்கான சர்வரை அமைத்தவன் நான். ஞாயிறுதோறும் சிங்காநல்லூரிலிருந்து போய் வந்து செய்தேன். சாந்தாமணி அண்ணி எனக்காகவே கறி எடுத்து வைத்திருப்பார்.

விவசாயிகள் கூட்டத்தில் அந்த சைரனுக்காக அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கைப் பிடித்து, "நானே படிச்சுப் படிச்சு செஞ்சுபோட்டனுங்க" என்றார். முன்வரிசையில் இருந்த என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். கூடப் பிறந்தவராக நினைத்தவர் கழுத்தறுத்தால் சோறு இறங்காது. எனக்கு இறங்கவில்லை.

அதன் பிறகுதான் போன் செய்தார். "பழைய டிஸ்க் மக்கர் பண்ணுது கண்ணு. நல்லதா ஒண்ணு பார்த்துப் போட்டுக் குடு."

பார்த்துத்தான் போட்டேன். ஏதோ ஆபீஸில் கழித்துக் கட்டிய டிஸ்க். ஆயுள் முடிந்துவிட்டதென்று சோதித்தபோது அதுவே காட்டியது. துணைக்கு இன்னொன்று போட்டிருந்தால் ஒன்று போனாலும் மற்றது தாங்கும். போடவில்லை. சர்வர் நின்றால் தகவல் என் போனுக்கு மட்டும் வரும்படி வைத்தேன். நின்றால் ஊரறிய என்னைத் தேடுவார், அவ்வளவுதான் நினைத்தேன்.

முன்பெல்லாம் பட்டாசு வெடித்துப் பார்க்காமல் அந்த வீட்டில் யாரும் விடியலில் தோப்புக்குள் போகமாட்டார்கள். என் சைரன் வந்த பிறகு அந்தப் பழக்கம் போய்விட்டது. சைரன் அடிக்காவிட்டால் யானை இல்லை என்று அர்த்தம்.

செவ்வாய்க்கிழமை விடியலில் சர்வர் நின்றதாகத் தகவல் வந்தது. பார்த்தேன். காபி போட்டுக் குடித்தேன். அண்ணன் கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன். அங்கே மும்முனை கரண்ட் வந்ததும் அண்ணி மோட்டார் போடப் போயிருக்கிறார். மோட்டார் ரூமுக்குப் பின்னாலேயே யானை நின்றிருக்கிறது.

எழவு வீட்டில் அண்ணன் என் கையை விடவேயில்லை. வந்தவர்களிடமெல்லாம், "சைரன் செஞ்சதெல்லாம் இவந்தானுங்க, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

டிஸ்க்கைத் தெரிந்தேதான் போட்டேன். நின்றது தெரிந்தும் சும்மா இருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதே வார்த்தையை அவர் அந்த மேடையில் சொல்லியிருந்தால் அண்ணி உயிரோடு இருந்திருப்பார். அவரையும் கூப்பிட்டு விசாரியுங்கள்.