மின்னி மின்னி அணைந்த விளக்குகளுக்கு ஒரு நன்றியுரை

விழாத் தலைமையை வேறெவருக்கும் விட்டுக்கொடுக்காத பெருந்தகை, நம் முதலாளி அவர்களே! மாமனாரின் நிழலில் மலர்ந்து மேலாளராய் மணம் வீசும் மாப்பிள்ளை அவர்களே! முன்வரிசையில் முழங்கால் வலியோடு வீற்றிருக்கும் பெரியோர்களே! ஈயப் புகையை விழுங்கிக்கொண்டே புன்னகைக்கும் தாய்மார்களே! சோதனைப் பிரிவிலிருந்து நன்றி சொல்ல வந்திருக்கும் இவளின் வணக்கம்.

சற்று முன் முதலாளி பொத்தானை அழுத்தினார். நம் புதிய பவர் சப்ளை பெட்டி உயிர்பெற்றது. அதில் மாட்டிய மேடை விளக்குகள் மின்னின, அணைந்தன; மின்னின, அணைந்தன. அலங்காரம் என்று நீங்கள் கைதட்டினீர்கள். அந்தக் கைகளுக்கு நன்றி. அது அலங்காரம் அல்ல, கோளாறு.

சிரிக்காதீர்கள், மாப்பிள்ளை இன்னும் சிரிக்கவில்லை.

உள்ளே இருப்பது பிளைபேக் சுற்று. மின்சாரத்தை ஒரு வாய் வாங்கி, மறுகணம் வெளியே கொடுக்கும்; கொடுத்துக் கொடுத்தே வெளியீட்டின் மின்னழுத்தம் மேலேறும். வெளியே கம்பிகள் ஒட்டிக்கொண்டால் அழுத்தம் சரியும். பெட்டி மூச்சைப் பிடித்து உழைத்துக் கருகும். கருகுமுன் நிறுத்துவதுதான் குறையழுத்தப் பாதுகாப்பு. வடிவமைத்தவர், நாமெல்லாம் 'நிதானம்' என்று பட்டம் சூட்டிய அண்ணன்.

அந்த அண்ணன் ஒரு மாபாதகம் செய்தார். தொடக்கத்தில் அழுத்தம் குறைவாகத்தானே இருக்கும், அதுவரை பாதுகாப்பு கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று ஒரு தாமதம் வைத்தார். மாப்பிள்ளை பொறுப்பாரா?

"நம்ம கம்பெனியில தாமதத்துக்கு இடமே கிடையாது" என்றார். கத்தரித்தார். பாரமாக ஒரு விளக்கைக்கூட மாட்டாமல் மேசையில் வைத்துப் பார்த்தார். பெட்டி துள்ளி எழுந்தது. விளக்குகளை மாட்டிப் பார்ப்போமே என்றேன். விழாவில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பார்த்துக்கொண்டோம்.

விளக்குகளைச் சுமந்து பெட்டி மெல்ல எழுகிறது. எழுந்து முடிக்குமுன், விழுந்துவிட்டாய் என்று பாதுகாப்பு அதன் தலையில் தட்டுகிறது. மறுபடி எழுகிறது, மறுபடி தட்டு. அவையோரே, எழாததும் விழுந்ததும் ஒன்றா?

உங்கள் கைதட்டல் ஓயுமுன் மாப்பிள்ளை முதலாளியின் காதில் சொன்னது, பின்னால் நின்ற என் காதிலும் விழுந்தது. "மாமா, இது அந்த நிதானம் பண்ண வேலை. இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடலாம்."

முதலாளியும் தலையசைத்தார். தன் பெட்டிக்கு விழா என்று, அண்ணி எடுத்துக்கொடுத்த புதுச்சட்டையில் அதோ கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார் அந்த மனிதர்.

அண்ணே, மேலே வாங்க. தாமதம் வச்ச உங்க பழைய போர்டை மாட்டுங்க.

பாருங்கள், நின்று எரிகிறது! இப்போது தட்டுங்கள், இது தகும். அண்ணே, கம்பி ரெண்டையும் ஒட்ட வைங்க. அணைந்தது. புகை உண்டா? கருகல் உண்டா? விழுந்ததை அறிந்து நிறுத்தியதும் இதுதான். எழுவதை அறிந்து பொறுத்ததும் இதுதான்! பெட்டிக்குத் தெரிந்த இந்தப் பேதம், பெட்டி செய்யும் நமக்குத் தெரிய வேண்டாமா?

முதலாளி அவர்களே, அதற்குள் தட்டச்சாகி வந்துவிட்ட அண்ணனின் பணிநீக்க உத்தரவு உங்கள் மடியில் இருக்கிறது. மாப்பிள்ளை பேனாவை நீட்டியபடி நிற்கிறார். உங்கள் கை இன்னும் அதை வாங்கவில்லை.

இந்த நிறுவனத்தில் மிச்சமிருப்பது அந்த ஒரு தாமதம்தான். அதையும் யாரும் கத்தரித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கே என் நன்றி, அனைவருக்கும் வணக்கம்.